வாயில் ஒரு கூழாங்கல்



சிற்றாற்றில் இறங்கிக் குளித்த தென்காசிக்காரர்களான நமக்குக் கூழாங்கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கல் அது. தண்ணீருக்கே வழியில்லாத ஓர் ஊரில், அந்தக் கல்லை நாவறட்சிக்காக வாயில் அடக்கிக்கொண்டு ஒரு சிறுவன் நடக்கிறான். பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ படத்தைச் சொல்கிறேன். 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வென்ற தமிழ்ப் படம். அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம்.

கதை சின்னதுதான். பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவர, குடிகாரத் தகப்பன் கணபதி, மகன் வேலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிறான். போன இடத்தில் சண்டை. திரும்பி வரப் பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தை மகன் கிழித்தெறிகிறான். மேலூர்ப் பக்கத்து வெயிலில் இருவரும் நடக்கிறார்கள்.

இது கற்பனையில் முளைத்த நடை அல்ல. இயக்குநரின் சகோதரி, கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்தவர். அந்த நடையை ஆணின் காலில் கட்டிப் பார்த்தார் வினோத்ராஜ். சிறுவயதிலேயே படிப்பை விட்டுத் திருப்பூரில் உழைத்தவர் அவர். பள்ளியிலிருந்து பிடுங்கப்படும் பிள்ளையின் வலி அவருக்குத் தெரியும்.

வீடு வந்ததும் வேலு வாயிலிருந்த கல்லை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கூழாங்கற்கள் சேர்ந்து கிடக்கின்றன. அவ்வளவுதான், ஒரு வசனம் இல்லை. ஆனால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. அப்படியானால் அவன் எத்தனை முறை இப்படி நடந்திருக்கிறான்!

பெரியோர்களே, நம் மாவட்டத்தில் மலையடிவாரம் நனைகிறது. சங்கரன்கோவில் பக்கம் கரிசல் காய்கிறது. பீடி சுற்றியே குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அந்தக் கூலியையும் பிடுங்கிக் குடிக்கும் தகப்பனை, மூலையில் நின்று ஒரு மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் எதிர்த்துப் பேசுவதில்லை. கல்லைச் சேர்க்கிறான்.

தகப்பன்மார்களே, பிள்ளை பேசாமல் இருப்பதை மரியாதை என்று எண்ணாதீர்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அவன் பக்கத்தில் உட்காருங்கள். அவன் வாய் திறக்கும்வரை பொறுத்திருங்கள்.