வெளிக்களப் பயணமும் அதற்கான அனுமதியும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற சாரணியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



1909இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸில் நடந்த சாரணச் சிறுவர் பேரணிக்கு அழைப்பில்லாமலே சில சிறுமிகள் வந்து நின்றார்கள். தங்களுக்கும் இடம் கேட்டார்கள். அடுத்த ஆண்டே பெண் சாரணியம் பிறந்தது. 1917இல் அது கண்டி வழியாக இலங்கைக்கு வந்தது. ஆகவே கேட்டுப் பெறுவது நமக்குப் புதிதல்ல. எப்படிக் கேட்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் பொடியன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய் வந்துவிடுவார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கோ, பாடசாலை கூட்டிச் செல்லாத இடம் காணாத இடமாகவே போய்விடும். அதற்காக, மறுக்கின்ற தகப்பனையோ அதிபரையோ குறை சொல்ல முடியாது. சுற்றுலா போன இடத்தில் நீரில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை அவர்களும் படிக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு நாம் விடை சொல்ல வேண்டும்.

நெடுந்தீவுக்கு ஒருநாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம். பவளக்கல் கோட்டை, பெருக்கமரம், குதிரைகள் என்று பார்க்க நிறைய உண்டு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது காற்றை. சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி. மாசி, பங்குனி நல்ல காலம்.

அடுத்து, நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். குறிகட்டுவானுக்குத் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று அந்தக் கிழமையிலேயே விசாரியுங்கள். அதற்கு முந்திய படகில் ஏறுவதாகத் திட்டமிடுங்கள். கடைசிப் படகு கைக்காவலாக இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்பு அங்கி உண்டா என்று பாருங்கள். குடிதண்ணீரை இங்கிருந்தே கொண்டுபோங்கள். 1990 அம்புலன்ஸ் கடலுக்குள் வராது. ஒரு பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால் எந்தப் படகில் கொண்டுவருவது என்று தீவு வைத்தியசாலையிடமும் கடற்படையிடமும் முன்பே பேசுங்கள்.

இவற்றை எல்லாம் எழுதினால் கோப்பு தானாக உருவாகிவிடும். நேர அட்டவணை, பெயர்ப் பட்டியல், பொறுப்பாசிரியர்கள், பேருந்தின் காப்புறுதிப் பிரதி, சாரதியின் அனுமதிப்பத்திரப் பிரதி, பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், மழை வந்தால் மாற்றுத் திட்டம். அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்கு ஆறு கிழமைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கடைசி நேரத்தில் வரும் கோப்பைப் படிக்க அவகாசம் இராது. படிக்காத கோப்புக்கு மறுப்பதே சுலபம்.

சம்மதக் கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். பெற்றோரைக் கூப்பிட்டு இருத்தி, ஆபத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லாம் பத்திரம் என்று சொல்பவரைவிட, எது நடக்கலாம், நடந்தால் என்ன செய்வோம் என்று சொல்பவரைத்தான் ஒரு தாய் நம்புவாள். இழுப்பு, வலிப்பு, மாதவிடாய், தண்ணீர்ப் பயம் எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டு வையுங்கள்.

அனுமதி கிடைத்தபின் திட்டத்தை மாற்றக்கூடாது. கடிதத்தில் இல்லாத இடத்தில், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும், குளிக்க இறக்காதீர்கள். ஒருமுறை சொல் தவறினால் அடுத்த பத்து வருடத்துப் பிள்ளைகளுக்கும் கதவு அடைபடும்.

உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். காசில்லாத காரணத்தால் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் நிற்கும் பிள்ளை ஒவ்வொரு பயணத்திலும் இருப்பாள். அவளுடைய பங்கை, அவள் பெயர் வெளியே தெரியாமல் கட்ட ஒரு சிறு நிதி வேண்டும். ஊரில் இருப்பவர்கள் ஒரு நாளைத் தாருங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது துணை போனால் அதிபரின் பேனா தயங்காது.