பிளாக்காவின் கல்லும் பாட்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதென்ஸ் நகருக்குச் சென்று வந்தீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். நம் சங்கப் புலவர்கள் யவனர் என்று சுட்டிய மக்களின் நாடு அது. அயோனியர் என்னும் கிரேக்கக் குடிப்பெயரிலிருந்து பிறந்து, பின்னர் மேற்றிசை வணிகர் பலரையும் குறித்த சொல் அது. அவ்வுறவைப் பற்றி அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நான் பேச வந்தது அதுவன்று. அந்நகரின் பழைய ஊரில் நான் நடந்த சில தெருக்களைப் பற்றியும், அத்தெருக்கள் என்னுள் எழுப்பிய ஒரு கேள்வியைப் பற்றியும் மட்டுமே பேச விழைகிறேன். அந்தக் கேள்வி இவ்வட்டத்தையும் தொடுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏதென்ஸ் என்றதும் நம் கண்முன் தோன்றுவது அக்ரோபொலிஸ் குன்றும், அதன்மீது கி.மு. 447க்கும் 432க்கும் இடையில் எழுந்த பார்த்தினான் கோயிலும்தான். அக்குன்றின் வடக்கு, கிழக்குச் சரிவுகளில், தாயின் காலடியில் அமர்ந்த குழந்தையைப் போல ஒட்டிக்கிடக்கும் பழைய குடியிருப்புக்குப் பிளாக்கா என்று பெயர். வண்டிகள் நுழைய இயலாத சந்துகள், ஓடு வேய்ந்த வீடுகள், மதிற்சுவரைத் தாண்டி வழியும் காகிதப்பூக் கொடிகள், படிக்கட்டுகளில் உறங்கும் பூனைகள் என்று அதனை ஓர் அழகிய ஓவியமாகவே கண்டு திரும்பிவிடலாம். வருவோருள் பெரும்பாலோர் அவ்வாறே திரும்புகின்றனர். ஆயினும் சற்று நின்று நோக்குவார்க்கு அவ்வூர் ஓர் ஏட்டுச்சுவடி போன்றது. ஒரே ஓலையில் பல காலத்தவர் எழுதிய எழுத்துகளை அங்கே காணலாம்.

சான்றாக, காற்றுக் கோபுரம் என்னும் எண்கோண மண்டபத்தைக் குறிப்பிடலாம். கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே ஆந்திரோனிக்கோஸ் என்பவர் வெண்சலவைக் கல்லால் கட்டிய நாழிகை மண்டபம் அது. எண்திசைக் காற்றுகளுக்கும் எட்டு உருவங்கள் செதுக்கி, உள்ளே நீர்க்கடிகாரமும் வெளியே நிழற்கடிகாரமும் அமைத்தனர். துருக்கியர் ஆட்சிக் காலத்தில் அதே மண்டபத்தில் இசுலாமியத் துறவியர் சுழன்றாடி இறைவனை வழிபட்டனர். அருகே உரோமர் கால அங்காடியின் இடிபாடும், அதனுள் ஒரு பள்ளிவாசலும் நிற்கின்றன. யார் கட்டியது, யார் புழங்கியது என்று பிரித்தறிய இயலாதவாறு காலங்கள் அங்கே கலந்துள்ளன.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த இடம் வேறொன்று. பிளாக்காவின் கிழக்குப் பகுதியில் 'திரிபோதோன்' என்றொரு தெரு உள்ளது. முக்காலிகளின் தெரு என்பது அதன் பொருள். பண்டைய வீதி ஒன்றின் தடத்திலேயே இன்றைய தெருவும் செல்கிறது. பழங்கால ஏதென்ஸில் தயோனிசஸ் என்னும் தெய்வத்தின் விழாவில் பாட்டுப் போட்டி நிகழும். பத்துக் குடிகளும் தத்தம் குழுவை அனுப்பும். சிறுவர் ஐம்பதின்மர் வட்டமாக நின்று ஆடிப் பாடுவர். குழுவுக்கு உணவும் உடையும் பயிற்சியும் தரும் செலவைச் செல்வர் ஒருவர் ஏற்பார். வென்ற குழுவின் புரவலருக்கு வெண்கல முக்காலி பரிசாகக் கிடைக்கும். அதனை ஊரறிய ஒரு பீடத்தின்மேல் நிறுத்துவது அக்கால வழக்கம். அத்தகைய பீடங்கள் வரிசையாக நின்ற வீதியே முக்காலிகளின் தெரு.

அவற்றுள் முழுமையாக எஞ்சியிருப்பது ஒன்றே. கி.மு. 335-334ஆம் ஆண்டில் லைசிக்ரட்டீஸ் என்னும் புரவலர் நிறுவிய நினைவுச்சின்னம் அது. சதுரமான பீடத்தின்மேல் ஆறு தூண்களுடன் வட்ட வடிவில் எழும் சிறிய மண்டபம். கொரிந்தியப் பாணித் தூண்களைக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் நிறுத்தியவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. தூண்களுக்கு மேலே, தயோனிசஸ் கடற்கொள்ளையரை ஓங்கில்களாக மாற்றிய கதை சிற்பமாக ஓடுகிறது. உச்சியில் இருந்த வெண்கல முக்காலி மட்டும் எப்போதோ போய்விட்டது.

அம்மண்டபத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. அதன் செய்தியை மட்டும் சொல்கிறேன். செலவேற்ற புரவலர் லைசிக்ரட்டீஸ், அவர் தந்தையின் பெயர் இன்னது, ஊர் இன்னது, வென்ற குடி அக்கமாந்திஸ், போட்டி சிறுவர்க்கானது, குழலூதியவர் தேயோன், குழுவைப் பயிற்றியவர் ஏதென்ஸைச் சேர்ந்த லைசியாதிஸ், அவ்வாண்டின் ஆட்சித் தலைவர் எவாயினெதோஸ். எத்துணை முறையான பதிவு! ஒரு விழா அழைப்பிதழைப் போலவே எல்லாப் பெயர்களும் உரிய வரிசையில் உள்ளன.

ஆனால் சிறுவர்கள் பாடிய பாட்டு எது? கல்வெட்டில் அதன் முதற்சொல் கூட இல்லை. பாட்டுக்காகத் தந்த பரிசு. அந்தப் பரிசை நிறுத்தப் பீடம். அந்தப் பீடம் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. எதற்காக அது எழுந்ததோ அந்தப் பாட்டு, பாடி முடித்த அன்றே காற்றோடு போகத் தொடங்கிவிட்டது. அவையீர், அந்தக் கல்லின்முன் நின்று நான் வியந்தது உண்மை. வியப்பினும் மிகுதியாக ஓர் அச்சமும் தோன்றியது. அது ஏன் என்று பின்னர்க் கூறுகிறேன்.

அம்மண்டபத்தின் பிற்காலக் கதையும் சுவையானது. 1669ஆம் ஆண்டில் கப்புச்சின் சபைத் துறவியர் அதனை விலைக்கு வாங்கித் தம் மடத்துக்குள் அடக்கிக்கொண்டனர். மண்டபம் ஏடுகள் வைக்கும் சிற்றறையாயிற்று. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1810-11ஆம் ஆண்டுகளில் அம்மடத்தில் தங்கினார். எல்கின் பிரபு பார்த்தினானின் சிற்பங்களைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற காலம் அது. அச்செயலைச் சினந்து பைரன் எழுதிய 'மினர்வாவின் சாபம்' என்னும் நெடும்பாட்டு அம்மடத்தின் பெயரையும் 1811ஆம் ஆண்டு மார்ச் மாதத்தையும் தன் தலைப்பில் தாங்கியுள்ளது. பின்னர் விடுதலைப் போரில் மடம் எரிந்தழிந்தது, மண்டபம் தப்பியது. சிற்பங்கள் 1816 முதல் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அப்பாட்டு இன்றும் அச்சில் கிடைக்கிறது.

இனி, கல்லைக் காப்பதற்கு மனிதர் கொடுத்த விலையைப் பற்றிச் சொல்லவேண்டும். 1834இல் ஏதென்ஸ் புதிய நாட்டின் தலைநகரானது. நகருக்குத் திட்டம் வரைந்த கிளியாந்திஸ், ஷௌபர்ட் என்னும் இருவரும் குன்றின் வடபுறத்தை அகழாய்வுக்கென ஒதுக்கிவிட எண்ணினர். அவ்வெண்ணம் முழுமையாக நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் இன்றைய பிளாக்கா இராது. கிளியாந்திஸின் வீடு பிளாக்காவின் மேட்டிலேயே உள்ளது. 1837இல் ஏதென்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது அவ்வீட்டில்தான். ஆனால் சற்று மேற்கே இருந்த விரிசாக்கி என்னும் குடியிருப்புக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1931 முதல் அமெரிக்க ஆய்வாளர்கள் பண்டைய அங்காடியைத் தோண்டியெடுப்பதற்காக அப்பகுதியில் ஏறத்தாழ 400 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. சாக்ரட்டீஸ் நடந்த மண்ணை இன்று நாம் காண்கிறோம். அதன்மேல் விளக்கேற்றிச் சோறாக்கிய குடும்பங்களின் வாசற்படிகளைக் காண இயலாது.

பிளாக்காவின் உச்சியில், குன்றின் பாறையைத் தொட்டுக்கொண்டு, அனாஃபியோத்திகா என்னும் சிறுபகுதி இருக்கிறது. ஓத்தோ மன்னருக்கு அரண்மனை கட்ட அனாஃபி என்னும் சிறு தீவிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்தனர். அந்த அரண்மனைதான் இன்றைய நாடாளுமன்றம். மன்னருக்கு மாளிகை எழுப்பிய கைகளுக்குக் குடியிருக்க இடமில்லை. ஞாயிறு மறைந்து மீண்டும் எழுவதற்குள் சுவரும் கூரையும் எழுப்பிவிட்டால் அவ்வீடு கட்டியவனுக்கே உரியது என்றொரு வழக்கு இருந்ததாகவும், அவர்கள் இரவோடிரவாகத் தம் வீடுகளைக் கட்டிக்கொண்டதாகவும் சொல்வர். தம் தீவில் உள்ளவாறே வெள்ளை பூசிய சிறு வீடுகள். ஒருவர் மட்டுமே செல்லத்தக்க சந்துகள். அச்சந்துகளுக்குப் பெயரும் இல்லை. 'அனாஃபியோத்திகா, எண் 5' என்பது போன்றதே முகவரி. 1922க்குப் பின் சிறிய ஆசியாவிலிருந்து ஏதிலியராக வந்தோரும் அங்கே குடியேறினர். 1950இல் அகழாய்வின் பொருட்டு ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 1970 முதல் அரசு வீடுகளை வாங்கத் தொடங்கியது. எஞ்சியவை ஏறத்தாழ 45 வீடுகள். நான் சென்றபோது ஒரு வீட்டின் முன் மூதாட்டி ஒருவர் துளசிச் செடிக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தார். மொழி தெரியாத நான் கைகுவித்தேன். அவர் தலையசைத்துச் சிரித்தார். பெயரில்லாத அச்சந்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பு அது.

இறுதியாக, பிளாக்காவின் நடுவே செல்லும் கிதாதினேயோன் தெருவுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். 1963இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் கியோர்கோஸ் செஃபெரிஸின் இறுதிச் சடங்கு அத்தெருவிலுள்ள தேவாலயத்தில் 1971ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நடைபெற்றது. 1967 முதல் இராணுவத்தார் நாட்டைக் கைப்பற்றி ஆண்ட காலம் அது. 1969இல் செஃபெரிஸ் அவ்வாட்சியை எதிர்த்து வெளிப்படையாக அறிக்கை விடுத்தார். அவருடைய 'மறுப்பு' என்னும் சிறு கவிதைக்குத் தெயோதொராக்கிஸ் இசையமைத்திருந்தார். தெயோதொராக்கிஸின் இசைக்கு அன்று நாட்டில் தடை. கவிஞரின் உடல் இடுகாட்டுக்குச் சென்றபோது பெருங்கூட்டம் பின்தொடர்ந்தது. பிளாக்காவின் கிழக்கெல்லையில் உரோமப் பேரரசர் ஹேட்ரியன் பெயரால் நிற்கும் வளைவின் அருகே போக்குவரத்து நின்றது. மக்கள் தடையை மறந்து அந்தப் பாட்டைப் பாடினர்.

எண்ணிப் பாருங்கள். ஒரே பழைய ஊரின் இரு மூலைகள். இடையே சில நிமிட நடைதான். ஒரு மூலையில் பாட்டுக்காக எழுந்த கல் இருக்கிறது, பாட்டு இல்லை. மறு மூலையில் பாட்டுக்குக் கல் எதுவும் எழவில்லை, தடையும் இருந்தது, ஆயினும் பாட்டு மக்கள் நாவில் இருந்தது. லைசிக்ரட்டீஸின் பொருட்செல்வத்தை நான் குறைத்துக் கூறவில்லை. புரவலர் இன்றேல் அரங்கேற்றமும் இல்லை. ஆனால் புரவலர் பெயரைப் பொறிக்க எடுத்த முயற்சியில் ஒரு பங்கேனும் பாட்டைப் பொறிக்க எடுத்திருக்கலாகாதா என்பதே என் ஏக்கம்.

அச்சம் தோன்றியது என்று முன்னர்ச் சொன்னேன். நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டு விழாக் கவியரங்கில் உறுப்பினர் ஒருவர் தம் அன்னையின் கைத்தறியைப் பற்றிக் கவிதை வாசித்தார். அவை எழுந்து நின்று கைதட்டியதை இங்குள்ளோர் பலர் அறிவீர்கள். அவர் இன்று நம்மிடையே இல்லை. ஊர் திரும்பியதும் நம் நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அன்று தலைமை தாங்கியவர் யார், முன்னிலை வகித்தவர் யார், பொன்னாடை வழங்கியவர் யார், நன்றி நவின்றவர் யார், சிற்றுண்டிச் செலவை ஏற்றவர் யார் என்பன எல்லாம் பிழையின்றி உள்ளன. கவிதையைப் பற்றி ஒரே வரிதான்: "கவிதை வாசித்தார்; அனைவரும் பாராட்டினர்." அக்குறிப்பை எழுதிய கை வேறு எவருடையதும் அன்று, அவ்வாண்டு துணைச் செயலாளராக இருந்த என்னுடையதே. லைசிக்ரட்டீஸின் கல்வெட்டைச் செதுக்கிய தச்சனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

ஆகவே இப்பத்தாம் ஆண்டில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் மலரில் புரவலர் படங்கள் இடம்பெறட்டும், வாழ்த்துரைகளும் இடம்பெறட்டும். அவற்றோடு, பத்தாண்டுகளில் இங்கு வாசிக்கப்பட்ட கவிதைகளுள் எவரெவரிடம் எந்தத் தாள் எஞ்சியுள்ளதோ அதைத் தேடிக் கொணருங்கள். அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதியதாயினும் சரி, பாதி கிழிந்ததாயினும் சரி. அக்கைத்தறிக் கவிதையின் இரண்டு வரிகள் எனக்கு நினைவில் உள்ளன. வேறு வரிகள் நினைவில் இருப்போர் கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்து சொல்ல வேண்டுகிறேன். இன்று இரவுக்குள் எத்தனை வரி சேர்கிறதோ அத்தனையும் குறிப்பேட்டில் என் கையாலேயே எழுதுவேன்.