மரத்தடியில் ஒரு விசிப்பலகை



மனத்துயர் என்றதும் துயருற்றவனின் மூளையை ஆராய்கின்றோம்; அவன் வாழ்ந்த தெருவை ஆராய்வதில்லை. இக்குறை நீக்கவே 1965-இல் அமெரிக்காவின் சுவாம்ப்ஸ்காட் நகரில் கூடிய அறிஞர்கள் சமுதாய உளவியலுக்கு வித்திட்டனர். ஆயினும் அதன் கனியை நாம் காண்பது ஆப்பிரிக்காவில்.

2005-இல் சிம்பாப்வே அரசு நகரங்களில் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தோர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறிற்று. வீடிழந்தவன் உறக்கத்தையும் இழந்தால், அது மூளைக் கோளாறு மட்டும்தானா? மனநல மருத்துவரோ அந்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவருள் ஒருவரான டாக்டர் டிக்சன் சிபண்டா, 2006-இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாரைப் பயிற்றுவித்தார். மருந்தகத்தின் வெளியே, மரத்தடியில் ஒரு விசிப்பலகை. அதில் ஒரு பாட்டி. நோயின் பெயரை அவர் உரைப்பதில்லை. ‘குஃபுங்கிசிசா’ என்பார், அளவுக்கு மீறி எண்ணுதல் என்பது பொருள். வந்தவர் தம் தொல்லைகளுள் ஒன்றைத் தேர்ந்து தாமே வழி காணும்வரை துணையிருப்பார், அறிவுரை கூறார். (நம் பாட்டிமார்க்கு இஃது எளிதன்று!)

573 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. ஆறு திங்களுக்குப் பின், வழக்கமான மருத்துவம் பெற்றோரைவிடப் பலகையில் அமர்ந்தோரிடம் மனச்சோர்வு மிகக் குறைந்திருந்தது.

இடிந்த வீட்டைப் பாட்டியால் எழுப்ப இயலாது. அதற்கு நீதி வேண்டும். எனினும் பேசி முடித்த பெண்கள் தனித்துப் போவதில்லை. ஒன்றுகூடிப் பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னி விற்கின்றனர்.

பிழைப்பு நாடி ஊர் துறந்தோர் நம்மிடையே பலர். நம் நூலக வாயிலில் இரண்டு பலகைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. செயற்குழு கருதுக.