கடலடிக் கம்பியும் பள்ளிக்கூடமும்

டெய்ரி ஃபார்ம் என்னும் பெயரைக் கேட்பவர் பசுக்களையும் பாற்குடங்களையுமே நினைப்பர். ஆனால் அது, 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிவந்த ஸ்ரீ விஜயபுரத்தின் ஒரு குடியிருப்புப் பகுதி. கப்பலேறினால் சென்னையை அடைய ஏறக்குறைய மூன்று நாட்களாகும்.

2020 மார்ச்சில் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைபேசிக்குள் புகுந்தது. அப்பொழுது இத்தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. சென்னையில் ஒருவர் பேசும் பேச்சு 36,000 கிலோமீட்டர் மேலேறி, அவ்வளவு தூரம் கீழிறங்கியே இங்கு வந்து சேரும். அதற்குக் கால் வினாடி. இதை நாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று: ஊரார் அனைவருக்கும் ஒரே கிணறு, ஒரே வாளி என்பதுபோல், அக்குறுகிய வழியை எல்லாத் தீவுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆசிரியரின் முகம் திரையில் உறைந்து நிற்க, குழந்தை காத்திருக்கும்.

அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கம்பி தொடங்கி வைக்கப்பட்டது. கார் நிக்கோபார், ரங்கத் முதலிய தீவூர்களையும் அது தொட்டது.

வழி அகன்றுவிட்டது, அதில் எதை வரவழைப்பது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்படும் சதுரக் குறியீட்டைக் கைபேசியால் நோக்கினால், 'தீக்ஷா' தளத்திலுள்ள பாடம் தமிழிலேயே திறக்கும். ஆயினும் இங்குள்ள பள்ளிகள் மத்தியக் கல்வி வாரியத்தைச் சார்ந்தவை. எனவே எப்பாடம் எவ்வகுப்புக்குப் பொருந்தும் என்று ஆசிரியர்தாம் தேர்ந்து கொடுக்கவேண்டும். இவ்வேலையை எந்த இயந்திரமும் அவருக்காகச் செய்துவிடாது.

ஆசிரியருக்கு அதற்கு நேரமிருக்கிறதா என்பதே நம் கவலை. 'யூடைஸ் பிளஸ்' என்னும் தேசியப் பதிவேட்டில் 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியே ஏற்றப்படுகிறது. நல்ல ஏற்பாடே, படிப்பை நிறுத்திய பிள்ளை எண்ணிக்கைக்குள் மறைந்துபோவதில்லை. ஆனால் அதே விவரத்தை ஏட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்றி, வேறொரு படிவத்திலும் நிரப்பச் சொன்னால், உபாத்தியாயர் குமாஸ்தாவாகிவிடுவார். ஏட்டையோ கணினியையோ ஒன்றை விட்டுவிடலாம் என்பது எம் துணிபு.

மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைபேசி என்னும் வீடும் உண்டு. பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் பின்னர் இணையம் இன்றியும் காட்டலாம். மாலையில் ஒரு மணி நேரம் வகுப்பறை ஒன்றைத் திறந்து வைத்து, அங்குள்ள திரையில் அதைக் காட்டினால், கைபேசி கிடைக்காத கடைக்குட்டியும் முன்வரிசையில் உட்காரலாம்.