மானிப்பாயில் வளர்ந்த மருத்துவத் தமிழ்

(மருத்துவ மாணவரும் தொண்டரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். அவர் பெயரை மேடையிலே எடுத்தாளாத தமிழ்ப் பேச்சாளர் இந்நாட்டில் அரியர். மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த அமெரிக்கர் என்று ஒரு வசனம், அதற்கொரு கரகோஷம், அத்துடன் கிறீன் அவர்களை மறந்து அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம். அவர் ஏன் தமிழிலே கற்பித்தார் என்று கேட்பாரைக் காணோம். நாம் சட்டம் பயின்றவர். ஒரு செயலின் நோக்கம் யாதென்று விசாரியாமல் அச்செயலைப் புகழவோ இகழவோ எமக்கு மனம் வருவதில்லை.

அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அதே 1822இல்தான் நல்லூரிலே ஆறுமுக நாவலரும் பிறந்தார் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் நன்று. கிறீனின் தந்தையார் ஒரு வழக்கறிஞர். அந்தப் புண்ணியத்திலே எமது தொழிலுக்கும் ஒரு சிறு பங்குண்டென்று மகிழ்கின்றோம். உடன்பிறந்தாராகிய அன்ட்ரூ கிறீன் நியூயோர்க்கின் நடுப்பூங்காவை அமைப்பதில் முன்னின்றவர். அயலூர்கள் பல இணைந்து 1898இல் அந்நகரம் இன்றைய பெருநகரமானதற்கு மூலகாரணர். இத்தகைய குடும்பத்திலே பிறந்து, 1845இல் நியூயோர்க்கிலே வைத்தியப் பட்டமும் பெற்ற இளைஞருக்கு அந்நகரத்திலேயே கைநிறையப் பொருள் ஈட்டல் அரிதாயிருந்திராது. அவரோ 1847இல், இருபத்தைந்து வயதளவில், அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணத்திலே வந்திறங்கினார்.

வெற்று நிலத்துக்கு அவர் வரவில்லை. பண்டத்தரிப்பிலே டாக்டர் ஸ்கடர் 1820 முதலே வைத்தியம் செய்திருக்கிறார். வட்டுக்கோட்டையிலே டாக்டர் வார்ட் இருந்திருக்கிறார். நமது நாட்டு வைத்தியரும் தலைமுறை தலைமுறையாக இருந்தனர். ஆயினும் வாந்திபேதி புகுந்த ஊரிலே அக்காலத்தில் எவர் கையிலும் போதிய மருந்து இருக்கவில்லை. அந்நோயின் கிருமியை ஜெர்மானிய அறிஞர் கொக் எகிப்திலும் இந்தியாவிலும் ஆராய்ந்து நிறுவியது 1883, 1884ஆம் ஆண்டுகளிலேதான். கிறீன் அவர்கள் மறைந்ததும் 1884இலேதான். எனவே, தம் காலம் முழுவதும் முகந்தெரியாத பகைவனோடு போராடியவர் அவர். 1866, 1867ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தை அந்நோய் சூறையாடியபோதும் அவர் இங்கேதான் இருந்தார்.

மானிப்பாயிலே 1848இல் அவர் ஒரு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலிலே கற்பித்த மொழி ஆங்கிலமே, தமிழ் அன்று. இதனை மேடைப் பேச்சாளர் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் கதையின் உயிரே போய்விடும். தமிழ் மீதுள்ள காதலால் ஒருநாள் திடீரென்று தமிழிலே கற்பிக்கத் துணிந்தவரல்லர் அவர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தம் மாணவர் என்ன ஆகின்றனர் என்று கண்காணித்து, அதன் பின்பே முடிவுக்கு வந்தார்.

அவர் கண்டது இதுதான்: ஆங்கிலத்திலே வைத்தியம் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தை நாடுகிறான். உடை மாறுகிறது, நடை மாறுகிறது, பிறந்த கிராமம் அவனுக்குச் சிறிதாகிறது. கிராமத்து நோயாளியோ முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறான். தம் மாணவர் அந்நியராக மாறுவதை இந்த அந்நியர் விரும்பவில்லை. தமிழராகவே வாழ்ந்து, தமிழர் நடுவிலே தொழில் செய்யும் வைத்தியரே அவருக்கு வேண்டியிருந்தனர். ஆகவே 1864இல் வகுப்பை முற்றிலும் தமிழுக்கு மாற்றினார். மொழி அவருக்கு அலங்காரமன்று, மருந்துப் பெட்டியோடு சேர்ந்த ஒரு கருவி.

இவ்விடத்திலே நீதிமன்றத்திலிருந்து ஓர் ஒப்புமை கூற அனுமதிப்பீர்களாக. தன் வழக்கிலே தன் காணியைப் பற்றித் தனக்கு விளங்காத மொழியிலே இரு வழக்கறிஞர் வாதாட, இறுதியில் துவிபாஷகர் வாயால் தீர்ப்பைக் கேட்கும் கட்சிக்காரனின் முகத்தை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வென்றாலும் அந்த முகத்திலே தெளிவு இராது. காணி விஷயத்திலேயே இப்படியென்றால், தன் உடலைப் பற்றிய தீர்ப்பை விளங்காத மொழியிலே கேட்பவனின் நிலை என்ன?

கற்பிக்கத் தீர்மானித்தால் மட்டும் போதுமா? நூல் வேண்டும், நூலுக்குச் சொல் வேண்டும். கட்டர் என்பவரின் உடல்நூலும், பிள்ளைப்பேற்று வைத்திய நூலொன்றும் 1857இலேயே தமிழில் வெளிவந்துவிட்டன. பின்னர் 1867இல் இரண வைத்தியம்; 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும்; 1875இல் கெமிஸ்தம்; 1883இல் மனுஷ சுகரணம்; 1884இல் இந்து பதார்த்த சாரம். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். டானியல் சாப்மன், யோசுவா டான்வேத் முதலிய மாணவரின் உழைப்பும் இதிலே கலந்திருக்கிறது. பெயரைக் கேட்டு அவர்களை வெள்ளையர் என்று எண்ணிவிடாதீர்கள். மிஷன் சூட்டிய பெயர்களைத் தாங்கிய நம்மூர்ப் பிள்ளைகளே அவர்கள்.

சொல்லாக்கத்திலே அவர் கொண்ட முறை எமக்கு மிகவும் உவப்பானது. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலில் தேடினார். அது கிடையாவிடத்து வடமொழியிலிருந்து கொண்டார். அங்கும் கிடையாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைவித்து எழுதினார். கெமிஸ்தம் என்பது அவ்வாறு பிறந்தது. அங்காதிபாதம் என்ற பெயரைப் பாருங்கள். பாதாதிகேசம் பாடிய புலவரின் நாட்டிலே, உடலின் உறுப்பமைப்பை விரிக்கும் நூலுக்கு இதனிலும் பொருத்தமான ஓசை வேறு ஏது? இன்றைய தனித்தமிழன்பர் சிலர் இச்சொற்களிலே வடமொழி மிகுதியென்று குறை கூறுவர். கூறட்டும். சொல்லே இல்லாதிருந்த இடத்திலே சொல்லை வைத்தவரைத் திருத்துதல் நமக்கு எளிது. நூறாண்டுக்கு மேற்பட்ட பின் திருத்துகிறோம் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

அவர் இல்லறத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முதற் பத்தாண்டு உழைப்பிலே உடல் தளர்ந்து தாய்நாடு சென்றவர், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, அந்த ஆண்டிலேயே மனைவியோடு மானிப்பாய் திரும்பினார். அமெரிக்க மிஷன் கல்லறைகளுக்குச் சென்றவர் அறிவர், அங்கே சிறு குழந்தைகளின் பெயர்கள் எத்தனை என்பதை. அதை அறிந்தே புதுமணப்பெண் கப்பலேறினார்; பேதி உலாவிய ஊரிலே பதினோராண்டு குடும்பம் நடத்தினார். கணவனின் தொண்டைப் புகழ்ந்து எழுதிய கைகள் அந்த அம்மையாருக்கு ஒரு பக்கமாவது கூடுதலாக ஒதுக்கியிருக்கலாம் என்பது எமது எண்ணம்.

மீண்டும் நலங்குன்றி 1873இல் குடும்பத்துடன் வூஸ்டர் சென்றார். ஓய்வு பெற்றிருக்கலாம், யாரும் குறை கூறார். ஆனால் மேற்சொன்ன இறுதி நூல்களின் ஆண்டுகளைக் கவனியுங்கள்: 1875, 1883, 1884. பனி கொட்டும் அந்நகரிலே அமர்ந்து, யாழ்ப்பாணத்து மாணவனுக்காகத் தமிழிலே எழுதிக்கொண்டிருந்தார்.  தொண்டு என்ற சொல்லை இந்தப் பதினோராண்டுகளுக்கே நாம் உரிமையாக்குவோம். 1884 மே மாதம் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதே தம் கல்லறையிலே பொறிக்கப்பட வேண்டுமென்று அவர் கேட்டிருந்தார்.

ஊழியம் என்றதும் இங்கே சில முகங்கள் சுளிப்பதைக் காண்கிறோம். ஆம், அவர் மதம் பரப்ப வந்தவரே. அதனை அவர் ஒளிக்கவில்லை. நாமும் ஒளிக்க வேண்டியதில்லை. நாவலர் அம்முயற்சியை எதிர்த்து நின்றதும் இதே மண்ணிலேதான், அதே ஆண்டுகளிலேதான். ஒருவர் சமயத்துக்காகவும் மற்றவர் மருத்துவத்துக்காகவும் தமிழ் உரைநடையை வளைத்துப் பழக்கினர். இருவரிடமிருந்தும் கொள்ளுதற்குரியதைக் கொள்வதால் எவர் சைவமும் குறைந்துவிடாது.

அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருக்குப் பின் தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்பிலே 1870இல் ஆங்கிலத்தில் தொடங்கிய வைத்தியக் கல்லூரியே இலங்கைக்கு வழிகாட்டியாயிற்று. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் அமைந்தபோதும் போதனா மொழி ஆங்கிலமே. அதனை மாற்றுங்கள் என்று நாம் இன்று கேட்கவில்லை. உலகின் மருத்துவ ஏடுகளை நம் பிள்ளைகள் வாசித்தேயாக வேண்டும். நாம் கேட்பது வேறு.

தலையிடி, நாரிநோ, கைகால் உளைவு, சத்தி, முட்டு, சலக்கடுப்பு என்று ஒரு கிழவி தன் நோயைச் சொல்கிறாள். ஒவ்வொன்றுக்கும் திட்டமான பொருளுண்டு. அதை வைத்தியர் ஆங்கிலத்திலே எழுதிக்கொள்கிறார். ஆங்கிலத்திலே எழுதிய துண்டு ஒன்றை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறார். அத்துண்டிலே அவளுடைய நோயின் பெயர் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது. தெற்கே சிங்கள மொழி மட்டும் வழங்கும் ஆஸ்பத்திரியிலே தமிழ் நோயாளி படும் அவதியும் இதுவே. இங்கே வந்து படுக்கும் சிங்களச் சகோதரன் படும் அவதியும் இதுவே. நீதி ஒன்றாயின் இருவருக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

ஆகவே இக்கூட்டத்தின் முன் ஒரு வேலையை வைக்கின்றோம். மருத்துவ மாணவர் இருவர், தமிழாசிரியர் ஒருவர், பராமரிப்புத் தாதி ஒருவர் கொண்ட சிறு குழுக்கள் அமைய வேண்டும். நோயாளர் தம் வாயாற் சொல்லும் நோய்ச் சொற்களை அவை திரட்டட்டும். கிறீனின் நூல்களை அலுமாரியிலிருந்து எடுத்து, இன்றும் உதவும் சொற்களைப் பொறுக்கட்டும். நீரிழிவு, குருதியமுக்கம், கர்ப்பகாலப் பராமரிப்பு, இம்மூன்றுக்கும் வீட்டுக்குக் கொண்டுசெல்லத்தக்க ஒரு பக்கத் தமிழ்த் துண்டும், அதன் சிங்களப் படியும் முதலிலே ஆயத்தமாகட்டும். அச்சுச் செலவுக்கு நாம் பொறுப்பு. வேலைக்கு நீங்கள் வேண்டும். மேடைக்கு இடப்புறத்து மேசையிலே ஏடும் எழுதுகோலும் இருக்கின்றன. கலைந்து செல்லுமுன் பெயரைப் பதிந்து செல்லுங்கள். முதற் குழு வரும் ஞாயிறு காலை மானிப்பாயிலே கூடும்.