கொக்கிப்புழுவும் நம் மக்களும்

(ஏற்காட்டில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வயிற்றுப் பூச்சியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் பாட்டன் பாட்டிமாரின் குருதியைக் குடித்தது அந்தப் பூச்சி. ஆகவே பேசத்தான் வேண்டும்.

என் தாயார் இம்மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். காலுக்குச் செருப்பில்லை, தோட்டத்தில் கழிப்பிடமும் இல்லை. நிழல்மரத்தடியின் ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் முட்டை பொரிகிறது. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டை வழியே இறங்கிச் சிறுகுடலைக் கவ்விக்கொள்கிறது. ஒரு புழுவினால் நாளொன்றுக்கு இழக்கும் இரத்தம் சில துளிகளுக்கு மேற்படாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் உடல் வெளுத்து, சோகை பிடித்து, ஏற்றத்தில் பத்தடி நடந்தாலும் மூச்சு வாங்கும். அப்படி நின்ற என் தாயாருக்கு மேஸ்திரி வைத்த பெயர் ‘சோம்பேறி’. நம்மவர் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சுமந்தார்களோ!

மருந்து அக்காலத்திலும் இருந்தது. ராக்பெல்லர் அறநிலையத்தார் 1916-ல் இலங்கையிலும், 1920களில் சென்னை மாகாணத்திலும் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கினர். இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் மக்களுக்கு மண்டபம் முகாமிலும் சிகிச்சை அளிக்கப்பட்டது. இதில் கருணை மட்டும் இருந்ததாக நான் எண்ணவில்லை. கூலியாளின் உடல் தளர்ந்தால் தோட்டக்காரருக்கு நட்டமல்லவா? அன்று கொடுத்தவை தைமாலும் கீனோபோடியம் எண்ணெயும். பட்டினி கிடந்து, மருந்தை விழுங்கி, பேதி உப்பும் குடிக்கவேண்டும். அளவு சற்று மீறினால் உயிருக்கே ஆபத்து. 1921-ல் மாரிஸ் ஹால் என்னும் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் கார்பன் டெட்ராகுளோரைடு புழுவைக் கொல்வதை நாய்களிடம் கண்டறிந்து, தாமே குடித்தும் பார்த்தார். அது கல்லீரலைக் கெடுப்பது பின்னர்த் தெரிந்தது. நலிந்த உடலினரும் மது அருந்துவோரும் மாண்டனர்.

இன்று நாம் மென்று விழுங்கும் அல்பெண்டசோல் 1970களில் கால்நடைகளுக்கென உருவானது. 1980களில் மனிதருக்கும் வந்தது. புழு சர்க்கரையைக் கொள்ள இயலாமல் பட்டினியால் மடிகிறது. 400 மில்லிகிராம், ஒரே வேளை. பட்டினியும் வேண்டாம், பேதியும் வேண்டாம். கொக்கிப்புழு உடைய 100 பேரில் ஏறத்தாழ 80 பேர் அந்த ஒரு வேளையிலேயே குணமடைகின்றனர். சாட்டைப்புழுவிடமோ அது தோற்றுப்போகிறது. 100-க்கு 30 பேரே தேறுகின்றனர்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு இம்மாத்திரை தரப்படுகிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் வழங்கியிருக்கின்றனர். நன்று. ஆனால் 45 வயதில் கூடை சுமக்கும் பெண் எந்தப் பட்டியலில் இருக்கிறாள்? 2017-ல் தொடங்கிய டீவார்ம்3 ஆய்வுக்காக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் திமிரி வட்டாரத்திலும் சவ்வாது மலையிலும் மலம் சோதித்தபோது, அங்கே மிகுதியாக இருந்தது கொக்கிப்புழுவே; வயது ஏற ஏற அது கூடியும் இருந்தது. பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால், பெரியவரிடமிருந்து புழு மீண்டும் மண்ணுக்கு வருகிறது. அதனால்தான் சில பகுதிகளில் பிள்ளைகளுக்கு மட்டும், சில பகுதிகளில் ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை என மூன்றாண்டுகள் கொடுத்து ஒப்பிட்டனர்.

ஒரே மருந்தை நம்பியிருப்பதிலும் இடர் உண்டு. ஆடுகளிடம் இவ்வகை மருந்துகள் பல நாடுகளில் பயனிழந்துவிட்டன. எனவே அல்பெண்டசோலையும் ஐவர்மெக்டினையும் ஒரே மாத்திரையாக்கி எத்தியோப்பியா, கென்யா, மொசாம்பிக் நாடுகளில் சோதித்தனர். 2025-ல் வெளியான முடிவில் சாட்டைப்புழுவுக்கு அது மேம்பட்டதாக இருந்தது. பூனைகளுக்கான எமோடெப்சைடு என்னும் மருந்தைத் தான்சானியாவின் பெம்பாத் தீவில் மனிதர்க்குக் கொடுத்துப் பார்த்ததில், சாட்டைப்புழுவிடம் நல்ல பலன் தெரிந்தது. இத்தகைய ஆய்வுக்கூடங்களில் நம் பிள்ளைகள் மலப்புட்டி கொடுப்பவராக மட்டுமா இருக்கவேண்டும்?

இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் குடியிருப்பில் 30 வயதைக் கடந்த தோட்டத் தொழிலாளரின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று இரத்தச் சோகையைச் சோதிக்கச் சொல்லி, பூச்சி மாத்திரையும் கேளுங்கள். கருவுற்ற தாய்மார் முதல் மூன்று மாதம் அதை உண்ணலாகாது. பின்னரும் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். கழிப்பிடம் இல்லாத குடியிருப்புகளையும் அதே தாளில் தனியே குறித்து வாருங்கள். கழகத்தின் அடுத்த கூட்டத்தில் அதை முதற்பொருளாக வைப்போம்.