பூட்ஸ் தைத்த கைக்கு வேலை எங்கே?

(ஆம்பூர் பொதுக்கூட்டத்தில் தோல் தொழிலாளர் ஒருவர் ஆற்றிய உரை)

ஷிப்ட் முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, கைக்குழந்தையோடு நிற்கும் தாய்மார்களே, டீ கிளாஸும் கையுமாகப் பின்னால் நின்று என்னைச் சந்தேகமாகப் பார்க்கும் பெரியவர்களே!

இந்தக் கூட்டத்தின் போஸ்டரைப் பார்த்துச் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். ‘ஜெயிலுக்குப் போனவனுக்கெல்லாம் கூட்டமா? திருடனுக்கு வக்காலத்தா?’ என்றார்களாம். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ரோட்டில் உங்கள் வண்டியை மடக்கி ஆர்.சி. புக் கேட்கிறாரே போலீஸ்காரர், அவர் காலில் கிடக்கும் பூட்ஸ் எங்கே தைத்தது? தொரப்பாடியில் தைத்ததாக இருக்கலாம். அங்கே, 1830-ல் வெள்ளைக்காரன் தொடங்கிய வேலூர் மத்திய சிறையில், தமிழ்நாடு காவல்துறைக்கு பூட்ஸ் தைப்பவர்கள் தண்டனைக் கைதிகள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் நாலு வருஷம் உள்ளே இந்த வேலை பார்த்தார். பெயர் வேண்டாம். விடுதலையான அன்று நான்தான் கூட்டிவரப் போனேன். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் இரண்டு சட்டை. காட்பாடி போகும் டவுன் பஸ் வந்தது. மனுஷன் ஏறவில்லை. ‘ஏறுப்பா’ என்கிறார் கண்டக்டர். இவர் என் முகத்தைப் பார்க்கிறார், யாராவது உத்தரவு போட வேண்டும் என்பதுபோல. நாலு வருஷமாக ஒரு கதவைக்கூடத் தானாகத் திறந்து பழக்கமில்லை அவருக்கு.

அடுத்த வாரம் ஒரு ஷூ கம்பெனிக்கு அழைத்துப் போனேன். மாஸ்டர் ஷூவின் மேல்பாகமான அப்பர் ஒரு ஜோடியைக் கொடுத்தார். இவர் தைத்தார். மாஸ்டர் தையல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘எங்கேப்பா கத்துக்கிட்டே?’ என்றார். அங்கேதான் போச்சு. பொய் சொல்லத் தெரியாதவர், ‘தொரப்பாடி’ என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் அப்பரை வாங்கி மேஜை மேல் வைத்தார். ‘போலீஸ் வெரிஃபிகேஷன் வாங்கிட்டு வாங்க, பார்ப்போம்.’

போலீசுக்கு பூட்ஸ் தைத்த கைக்கு, போலீசிடம் போய்ச் சான்றிதழ் வாங்கி வரவேண்டுமாம்!

இதே சிறைக்கு 1921 டிசம்பரில் ராஜாஜி போனார், உள்ளே உட்கார்ந்து டைரி எழுதினார். 1962-ல் விலைவாசிப் போராட்டத்தில் அண்ணா போனார். பிறகு இருவரும் கோட்டையில் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ‘அவர்கள் நாட்டுக்காகப் போனவர்கள், இவன் செல்போன் திருட்டுக்காகப் போனவன்’ என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். இவனுக்கு மாலை கேட்கவில்லை ஐயா, தையல் மிஷின் கேட்கிறேன்.

ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். நம் ஊர்க் கதைதான். பாலாற்றை யார் கெடுத்தது? தோல் ஷாப்புக் கழிவு. இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானது என்று உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு, நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. கோர்ட் என்ன சொன்னது? ஒவ்வொரு தோல் ஷாப்பும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். கெடுத்ததற்கு இழப்பீடு கொடு. சுத்திகரிப்பு நிலையம் வை, பிறகு தொழில் நடத்து. வைக்காவிட்டால் மூடு.

முதலாளிகளை ஏன் உள்ளே தள்ளவில்லை என்று நான் கேட்கப் போகிறேன் என்று நினைத்தீர்களா? இல்லை. அந்தத் தீர்ப்பின் வழி சரியான வழி. ஷாப்பு நடந்தால்தான் நம் அடுப்பு எரியும். அதைச் சரியாக அமல்படுத்தினார்களா என்பது வேறு வழக்கு. பாலாற்று மணலைக் கேளுங்கள், அது சொல்லும். நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. ஆற்றைக் கெடுத்தவனுக்கு ‘இழப்பீடு கொடு, திருந்து, தொழில் செய்’ என்று சொல்லத் தெரிந்த நாட்டுக்கு, மூவாயிரம் ரூபாய் செல்போனை எடுத்த பத்தொன்பது வயசுப் பையனிடம் அதே வார்த்தையைச் சொல்ல ஏன் நாக்கு எழவில்லை?

சட்டம் இல்லையா? குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் நன்னடத்தைச் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1936-லேயே வந்துவிட்டது. 1958-ல் நாடு முழுவதற்கும் வந்தது. 21 வயதுக்குக் கீழ் இருந்தால், ஆயுள் தண்டனைக் குற்றமாக இல்லாதவரை, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்க வேண்டும். அப்படியும் சிறைக்கு அனுப்புவதானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அந்த 1958 சட்டத்தின் 12-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். நன்னடத்தையில் விடப்பட்டவனுக்கு, தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடித் தண்டிக்கப்படுகிறவன் பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவை என்கிறது.

பொருளை இழந்தவர் கோணத்தில் பாருங்கள். பையன் ஜெயிலில் கிடந்தால் அதைப் பறிகொடுத்த அம்மாவுக்கு செல்போன் வருமா? சமூக சேவை என்றால் வேலையா இல்லை நம் ஊரில்? சாக்கடையும் ஏரிக்கரையும் அரசு மருத்துவமனையும் கிடக்கின்றன. 2022-ல் பைக் ரேஸ் விட்ட ஓர் இளைஞனுக்கு ஜாமீன் கொடுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு மாதம் அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் வேலை செய்யச் சொன்னது. கை கால் உடைந்து வருகிறவனை ஸ்ட்ரெச்சரில் தள்ளினால் அவனுக்குப் புத்தி வரும். அறுபது பேரோடு சிறை பிளாக்கில் படுத்தால் புதுத் தொழில்தான் கற்றுக்கொண்டு வருவான்.

உள்ளே கிடப்பவர்கள் எல்லாரும் தண்டனை பெற்றவர்களும் அல்ல. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணமாகவில்லை, வழக்கு முடியவில்லை. ஜாமீன் கிடைத்தும் வெளியே வரமுடியாதவர்கள் உண்டு. இரண்டு ஜாமீன்தார் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். வாடகை வீட்டுக்காரன் எங்கே போவான்?

கொலைகாரனையும் பெண்ணைச் சீரழித்தவனையும் திறந்துவிடச் சொல்லி நான் வரவில்லை. அப்படி யாராவது நாளை திரித்துச் சொன்னால், இந்த மைக் சாட்சி.

கேட்பது மூன்று. சின்ன வழக்குகளில் நம் கோர்ட்டுகள் நன்னடத்தை அறிக்கை கேட்கட்டும், அதை எழுத அரசு போதிய அலுவலர்களை நியமிக்கட்டும். நகராட்சி, சமூக சேவைக்கு என்னென்ன வேலை தரமுடியும் என்று பட்டியல் போட்டுக் கோர்ட்டுக்குக் கொடுக்கட்டும். ஷூ கம்பெனி முதலாளிகள், சிறையில் தொழில் கற்றவருக்கு வருஷத்துக்கு நாலு இடம் ஒதுக்கட்டும். ஆளில்லை ஆளில்லை என்று வாசலுக்கு வாசல் போர்டு மாட்டுகிறீர்களே, ஆள் இருக்கிறான்.

திங்கட்கிழமை காலை மனுவோடு புறப்படுகிறோம். மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் நோட்டு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அந்த மேஜையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பவர், நான் சொன்ன அதே மனுஷன்தான். அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.